சாக்கடை காட்டுற காமாலை

ஆசிரியருக்கு வணக்கம். மஞ்சள் காமாலை ஏழை நாட்டு வியாதின்னே பலரும் நினைக்கிறாங்க. ஆனா சுவீடன்ல கோத்தன்பர்க் நகரத்துல 2013 தொடக்கத்துல சுத்திகரிப்புக்கு வர்ற கழிவுநீரை சாம்பிள் எடுத்துப் பார்த்தப்போ காமாலையை உண்டாக்குற ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ் ரெண்டுமே இருந்துச்சு, அதுலயும் ஏ வைரஸ்ல சிலது அப்போ ஸ்கேண்டிநேவியாவுல பரவிட்டிருந்த அதே வகை. பார்சிலோனா சாக்கடைல 1990கள்லயே ஈ வைரஸைக் கண்டுபிடிச்சிட்டாங்க. மேற்கு நாடுகள்ல பரவுற ஈ வகை பன்றிகள்ட்டயும் இருக்கு, சரியா வேகாத பன்றிக்கறில தொத்தும். பலருக்கு கண்ணு மஞ்சளாகாது, டாக்டர்ட்டயும் போக மாட்டாங்க, ஆனா மலத்துல வைரஸ் போயிட்டேதான் இருக்கும், ஆஸ்பத்திரி கணக்குல வராத அவங்களைக் காட்டிக்கொடுக்கிறது சாக்கடைதான். இங்கிலாந்துல கொரோனாவுக்காக ஆரம்பிச்ச கழிவுநீர் கண்காணிப்பை 2022ல நிறுத்தினது ரொம்ப தப்புங்க, அந்த லேபையும் ஆளுங்களையும் வச்சே இதையும் பார்த்திருக்கலாம்.

– ஒரு வாசகர்