நெட்பீன்ஸ் குழுவினருக்கு: ஆப்லெட்டுக்கு ஒரு டெம்ப்ளேட் வேண்டும்

வணக்கம். ப்ரவுசருக்குள் ஓடும் சின்ன ஜாவா நிரலான ஆப்லெட்டுக்கு, ஜாவா நிரல் எழுத உதவும் நெட்பீன்ஸில் இப்போது போய் டெம்ப்ளேட்டா என்று தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கும், தப்பில்லை. குரோம் 2015-இலும் ஃபயர்பாக்ஸ் 2017-இலும் ஆப்லெட்டை ஓட்டும் ஜாவா ப்ளக்இன்னுக்குக் கதவைச் சாத்திவிட்டன, ஜாவா நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகே 11-இல், ப்ரவுசர் இல்லாமல் ஆப்லெட்டை ஓட்டிப் பார்க்கும் ஆப்லெட்வியூவரும் போய்விட்டது, இனி யார் புதிதாக ஆப்லெட் எழுதப்போகிறார்கள்? நானும் எழுதப்போவதில்லை. பழையதை ஓட வைக்கத்தான் கேட்கிறேன்.

இருபது வருடத்துக்கு முன் இயற்பியல் வகுப்புக்காக எழுதிய பதினாலு ஆப்லெட்டுகள் என்னிடம் கிடக்கின்றன. தனி ஊசல், எறிபொருள் பாதை, குவிலென்ஸ், இப்படி. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கணக்கு அத்தனையும் சரி.

அப்போதே நெட்பீன்ஸில் ஆப்லெட்டுக்கென்று தனி ப்ராஜெக்ட் கிடையாது. ஜாவா கிளாஸ் லைப்ரரி ஒன்றைத் திறந்து அதற்குள் ஜேஆப்லெட் என்ற ஆப்லெட் கிளாஸைச் சேர்க்கச் சொல்லும் உங்கள் பயிற்சிக் குறிப்பு. ரன் ஃபைல் கொடுத்தால் ஆப்லெட்வியூவர் வந்து நிற்கும், அதனால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

ஜேஃப்ரேம் என்ற சாதாரண ஜாவா ஜன்னலுக்குள் ஆப்லெட்டைப் போட்டு, அதைத் துவக்கும் இனிட், ஸ்டார்ட் இரண்டையும் கூப்பிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். முடியாது. நிரலில் ஒரே ஒரு இடத்தில் வெளியிலிருந்து மதிப்பைக் கேட்டு வாங்கும் கெட்பாராமீட்டர் இருந்தாலும் நல்பாயின்டர் எக்ஸப்ஷன் என்ற பிழையில் போய் விழும், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஆப்லெட்ஸ்டப் என்ற இடைத்தரகர், அதை வழக்கமாக ப்ரவுசர் கொடுக்கும், இங்கே கொடுக்க ஆளில்லை. நாமே ஒரு ஸ்டப் எழுதி, பழைய ஹெச்டிஎம்எல்லின் பாரம் டேக்குகளில் இருந்த மதிப்புகளை அதில் ஏற்றி, செட்ஸ்டப் வழியாகக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஜன்னலை மூடும்போது ஸ்டாப், டெஸ்ட்ராய். இதை மறந்தால் ஜன்னல் மறைந்த பிறகும் ஊசல் பின்னால் ஆடிக்கொண்டே இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

பதினாலுக்கும் இதே வேலைதான், வரி மாறாமல். டெம்ப்ளேட் என்பதே இதற்குத்தானே? கிளாஸ் பெயரையும் ஹெச்டிஎம்எல் ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொண்டு மீதியை அதுவே எழுதிக் கொடுக்கட்டும். ஜாவா மாற்றத் திட்டமான ஜெப் 504 ஆப்லெட் ஏபிஐயையே, அதாவது ஆப்லெட்டுக்குத் தேவையான கிளாஸ்களையே, ஜேடிகே 26-இல் எடுத்துவிடுகிறது, அதனால் ப்ராஜெக்டை ஜேடிகே 25-ஓடு நிறுத்திவைக்கும் வசதியும் வேண்டும்.

மூன்றை இதுவரை கையாலேயே மாற்றிவிட்டேன். அந்த ஸ்டப் எண்பது வரிகூட இராது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட்டுக்கு 'ஆப்லெட் ப்ராஜெக்ட்' என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள், யாராவது கல்லூரிப் பிள்ளை அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்துவிடும்.