‘முடிவுதான் தெரியுமே!’: எங்கள் வாசகர் வட்டத்தின் தெரிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தெரிவுக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அடுத்த ஆறு மாதத்துக்கான நூல்பட்டியல் கைக்கு வந்தது. நான் பரிந்துரைத்த ஐந்து காதல் நாவல்களில் ஒன்றுகூட அதில் இல்லை. தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பரிந்துரைத் தாளின் நகலையும் தவறுதலாக எனக்கே அனுப்பிவிட்டீர்கள். அதில் என் ஐந்து தலைப்புகளையும் ஒரே அடைப்புக்குறிக்குள் வளைத்து, பக்கத்தில் பென்சிலால் ‘பொழுதுபோக்கு’ என்று எழுதியிருக்கிறது. “முடிவுதான் முதல் பக்கத்திலேயே தெரியுமே” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். எனக்குச் சொன்னவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குழுவுக்கு மட்டும் எழுதாமல் எல்லா உறுப்பினரும் படிக்கும்படி எழுதக் காரணம் உண்டு. இந்த நாவல்களை வீட்டில் படித்துவிட்டுக் கூட்டத்தில் வேறு நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம்மில் குறைந்தது நான்கு பேர். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இரவல் கொடுப்பதே நான்தான்.

முடிவு தெரியும் என்பது உண்மை. 1980இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் காதல் புதின எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனை வைத்தது: கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம் இது. சென்ற ஆண்டு வரிசையாக மூன்று துப்பறியும் நாவல்கள் படித்தோமே, கொலையாளி பிடிபடாமல் போய்விடுவானோ என்று நம்மில் யாராவது பதறினோமா? அதற்கும் முன்னால் இரண்டு மாதம் குறுந்தொகை. தலைவன் வருவான், தலைவி வாடுவாள், தோழி இடித்துரைப்பாள். நானூறு பாட்டிலும் ஆட்கள் அவர்களேதான், பெயர்கூடக் கிடையாது. அங்கே ‘முடிவு தெரியும்’ என்று யாரும் கொட்டாவி விடவில்லை. எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தோம். அதே கண்ணோடு இந்த நாவல்களையும் படியுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கேட் கிளேபோர்னின் ‘லவ் லெட்டரிங்’ (2019) பற்றி முதலில் சொல்கிறேன். மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கும் எனக்கு அதன்மேல் ஒரு பாரபட்சம் உண்டு. நாயகி மெக் கையால் எழுத்து வரைந்து சம்பாதிப்பவள். ஒரு திருமணத்துக்கான நிகழ்ச்சி நிரலை வரையும்போது, இந்த ஜோடி சரிப்படாது என்று அவளுக்குத் தோன்றுகிறது. வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அலங்கார எழுத்துகளுக்குள்ளே ‘தவறு’ என்ற சொல்லை ஒளித்துவைத்துவிடுகிறாள். நடக்காமல் போன அந்தத் திருமணத்தின் மாப்பிள்ளை ரீட், ஓராண்டு கழித்துக் கையில் அந்தத் தாளோடு அவள் வேலை செய்யும் கடைக்கு வந்து நிற்கிறான். அவனுக்கு எண்களில் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதுதான் தொழில், எழுத்திலும் கண்டுபிடித்துவிட்டான். உனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அவன் கேள்வி.

பிறகு இருவரும் நியூயார்க் தெருக்களில் நடந்து, கையால் எழுதிய பழைய பெயர்ப்பலகைகளைத் தேடுகிறார்கள். வெளியே நடப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்ல முடியாத ஒருத்தி, சண்டை போடக் கற்றுக்கொள்கிற கதை அது. அவள் முதலில் சண்டைபோட வேண்டியவள் காதலன்கூட இல்லை, விலகிப்போகும் நெடுநாள் தோழி. அந்தத் தோழியோடு வரும் பகுதிகளை எந்த இலக்கிய நாவலுக்குப் பக்கத்திலும் தயங்காமல் வைப்பேன். குறையும் உண்டு: கடைசிக் கால்பகுதியில் ரீடின் அலுவலகச் சங்கதி ஒன்று வேறு நாவலிலிருந்து வழிதவறி வந்ததுபோல் இறங்குகிறது.

பெத் ஓ’லியரியின் ‘தி ஃப்ளாட்ஷேர்’ (2019) பட்டியலில் இரண்டாவது. கட்டில் ஒன்று, ஆள் இரண்டு. இரவுப் பணி செய்யும் செவிலியர் லியோன் பகலில் உறங்குகிறான். பதிப்பகத்தில் வேலை பார்க்கும் டிஃபி இரவில் உறங்குகிறாள். பல மாதம் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. வீடெங்கும் ஒட்டுத்தாள்கள்தான் பேசுகின்றன. ‘ஒரே கட்டில்’ என்பது இந்த வகை நாவல்களில் தேய்ந்துபோன உத்தி என்பது உங்களுக்கும் தெரியும். அந்த உத்தியை எடுத்து, கட்டிலில் இருவரையும் ஒரே நேரத்தில் படுக்கவே விடாமல் பாதிக் கதையை நடத்துகிறார் ஓ’லியரி.

நான் அங்கேயே அசந்துபோகவில்லை. லியோனின் அத்தியாயங்களில்தான் அசந்தேன். பேச்சில் சிக்கனக்காரன் என்பதால் அவன் சொல்லும் பகுதியில் ‘நான்’ என்ற சொல்லே அநேகமாக இராது. ஆங்கிலத்தில் அது உடனே உறைக்கும். தமிழிலோ ‘வந்தேன், பார்த்தேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவனை எப்படித் தமிழுக்குக் கொண்டுவருவது என்று ஒரு மாலை முழுக்க முயன்றேன். ‘வீடு. கதவில் புதுத் தாள். அவள் கையெழுத்து.’ தந்தி வாசகம்போல் வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். நம் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதாட இது ஒன்று போதாதா?

அந்த நகைச்சுவைக்கு அடியில் வேறொன்றும் ஓடுகிறது. டிஃபி தன்னை மறதிக்காரி என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். நடந்ததை நடக்கவில்லை என்றும் நடக்காததை நடந்தது என்றும் சொல்லிச் சொல்லி, முன்னாள் காதலன் அப்படி நம்பவைத்திருக்கிறான் என்பது அவளுக்கு மிக மெதுவாகத்தான் விளங்குகிறது. நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, அவளுக்குத் தெரிய நாளாகிறது. அந்த இடைவெளியில் எனக்கு மூச்சு முட்டியது.

கென்னடி ரையனின் ‘பிஃபோர் ஐ லெட் கோ’ (2022) விவாகரத்துக்குப் பிறகு தொடங்குகிறது. யாஸ்மென், ஜோசையா இருவரும் அட்லாண்டாவில் ஓர் உணவகத்தைச் சேர்ந்து நடத்துகிறார்கள், இரண்டு பிள்ளைகளைச் சேர்ந்து வளர்க்கிறார்கள், வீடு மட்டும் வேறு வேறு. இறந்து பிறந்த ஒரு குழந்தை, தாயாக நின்ற அத்தையின் மரணம், யாஸ்மெனைப் படுக்கையோடு கட்டிப்போட்ட மனச்சோர்வு என எல்லாம் சேர்ந்து பிரித்த குடும்பம் அது. துக்கத்தை அவள் படுத்துக் கழித்தாள், அவன் வேலை செய்து கழித்தான். இரண்டுமே துக்கம்தான் என்று இருவருக்கும் அப்போது தெரியவில்லை. மனநல ஆலோசனை என்ற பேச்சே பிடிக்காத ஜோசையா, மகனுக்காக இறங்கிவந்து கடைசியில் தானும் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறான். அவர்கள் மறுபடி சேர்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே படித்தும் இரண்டு முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

இந்த ஆசிரியரைப் பற்றி இன்னொன்று. நான் மேலே சொன்ன சங்கம் 1982 முதல் ஆண்டுதோறும் விருது கொடுத்துவந்தது. பின்னாளில் அதற்கு ரீட்டா என்று பெயர். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பதிப்பாசிரியர் விவியன் ஸ்டீவன்ஸ் கறுப்பினப் பெண். ஆனால் அந்த விருது கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் கைக்குப் போய்ச் சேர 2019 ஆனது. அவ்வாண்டு பெற்ற இருவரில் ரையன் ஒருவர். ‘யாருக்கு நல்ல முடிவு வாய்க்கும்’ என்பது கதைக்குள் மட்டும் எழும் கேள்வி இல்லை போலும்.

ஹெலன் ஹோவாங்கின் ‘தி ஹார்ட் பிரின்சிபிள்’ (2021) நாவலைக் காதலுக்காக நான் பரிந்துரைக்கவில்லை. ஆட்டிசம் உடைய நாயகியை வைத்து ‘தி கிஸ் கோஷன்ட்’ (2018) எழுதியவர் இவர். அதற்கான தேடலில்தான் தாமும் ஆட்டிசம் உடையவர் என்பது அவருக்குத் தெரியவந்தது. இந்த மூன்றாம் நாவலின் நாயகி அன்னா வயலின் கலைஞர். ஒரு பகுதியை வாசிக்கிறாள், பிசகுகிறது, முதலிலிருந்து தொடங்குகிறாள். மறுபடி பிசகு, மறுபடி முதலிலிருந்து. முடிக்கவே முடியவில்லை. பிறகு பக்கவாதத்தில் படுத்துவிட்ட தந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாதங்கள் வருகின்றன. வீட்டில் நோயாளியைக் கவனித்தவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருப்பது நல்லது. அன்பு இருந்தும் வெறுப்பு வருவது, வெறுப்பு வந்ததற்காக வெட்கப்படுவது, உறவினர்கள் எதிரில் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வது என எதையும் பூசி மெழுகவில்லை. ஹோவாங்கின் சொந்த அனுபவமும் அதில் கலந்திருக்கிறது. அவர் நாவல்களில் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நோக வேண்டாம்.

ஐந்தாவது, டாலியா ஹிபர்ட்டின் ‘கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்’ (2019). உடல்வலி நாள்பட்ட நோயாக இருக்கும் ஒரு பெண், வாழ்ந்து பார்க்கப் பட்டியல் போடுகிறாள். நோய் குணமாவதில்லை, காதல் மருந்தாவதும் இல்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்குப் பிடித்தது. பூனையைக் காப்பாற்ற மரமேறி அவளே மாட்டிக்கொள்ளும் இடம் வேறு இருக்கிறது, நல்ல சிரிப்பு.

இந்த வகையில் எல்லாமே தேறும் என்று நான் சொல்லவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை நூறு பக்கம் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதை முக்கால்வாசி நகர்ந்ததும் ஒரு பிரிவு வந்தே தீர வேண்டும் என்று வாய்ப்பாடு வைத்து, காரணமே இல்லாமல் பிரித்துவிடுகிறவர்களும் உண்டு. நாயகியின் கைப்பேசியைப் பறித்துப் பார்க்கிறவனை ‘ஆழமாக நேசிக்கிறவன்’ என்று நம் தலையில் கட்டும் நாவல்களை நான் பாதியில் மூடிவிடுவேன். பென்சிலை அவற்றின்மீது தாராளமாக ஓட்டுங்கள். ஆனால் பிரித்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொரு வேடிக்கை, உங்கள் பட்டியலில் நான்காம் மாதம் டேவிட் நிக்கல்ஸின் ‘யூ ஆர் ஹியர்’ (2024) இருக்கிறது. அருமையான தேர்வு, நானும் கை தூக்குகிறேன். மணவாழ்க்கை முறிந்த இருவர், ஒரு பெண் பிரதி திருத்துநர், ஓர் ஆண் புவியியல் ஆசிரியர், இங்கிலாந்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை நடக்கிறார்கள். மழை பெய்கிறது, கால் வலிக்கிறது, பேச்சு வளர்கிறது. இது எங்கே போகும் என்று பத்தாவது பக்கத்தில் உங்களுக்குத் தெரியாமலா இருந்தது? அதன் பக்கத்தில் மட்டும் ஏன் அந்தச் சொல்லை எழுதவில்லை?

பட்டியலை மாற்றச் சொல்லவில்லை. ஆறாம் மாதத்துக்கு எதிரே ‘பின்னர் முடிவு செய்யப்படும்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த இடத்துக்கு ‘தி ஃப்ளாட்ஷேர்’ தருகிறேன். ரையனைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் சிரித்துக்கொண்டு நுழைவதற்கு ஓ’லியரிதான் வசதியான வாசல். அடுத்த கூட்டத்துக்கு என் பிரதியை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். உள்ளே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கும். மறுப்பதானால் அதன் கீழேயே எழுதுங்கள், படித்துவிட்டுப் பதில் ஒட்டுகிறேன். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டத்தின் மெய்ப்புப் பார்க்கும் உறுப்பினர்