கழுத்தில் மட்டும் சொடக்கு வேண்டாம் அண்ணே

சலூன் கடை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். முடி வெட்டி, கிருதா ஒதுக்கி, பிடரியில் பவுடர் தட்டி முடித்ததும், கேட்காமலேயே ஒரு கை தாடையிலும் இன்னொரு கை உச்சந்தலையிலும் வந்து உட்காரும். “கழுத்தை லூசா விடுங்க சார்.” இடப்பக்கம் ஒரு கடக், வலப்பக்கம் ஒரு கடக். 20 வருஷமாக அந்தச் சத்தத்துக்காகவே பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தவன் நான். இதைப் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன ஆடியில் வலப்பக்கம் திருப்பியபோது சத்தம் வரவில்லை. தோளிலிருந்து நடுவிரல் நுனி வரை கரண்ட் அடித்தது. இரண்டே நாளில் விரல் மரத்துப்போனது. ஒரு வாரத்தில், நாற்காலியில் கை ஊன்றி எழக்கூட வலது கையில் தெம்பில்லை.

கழுத்தில் ஏழு எலும்பு. நடுவே இருக்கும் ஜவ்வு, வெளியே நார், உள்ளே நுங்குச் சதை போல வழவழப்பு. எனக்கு ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே அது பிதுங்கிக் கைக்குப் போகும் நரம்பை அழுத்தியிருந்தது. ஸ்கேனுக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார்: நடுவிரல் என்றால் பெரும்பாலும் அந்த இடம், கட்டைவிரல் என்றால் ஒரு படி மேலே. சலூனில் திருப்பியதால்தானா என்று கேட்டேன். “வயசும் கம்ப்யூட்டரும் பாதி வேலையை ஏற்கெனவே முடிச்சிருக்கும். மீதியை யார் செஞ்சதுன்னு ஸ்கேன்ல தெரியாது” என்றார்.

முதல் மாதம் படுக்கவே முடியவில்லை. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால்தான் நரம்பின் இழுவிசை தளர்ந்து வலி கொஞ்சம் விடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் அப்படி உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, “தலையில கை வச்சு உட்காராதடா, குடும்பத்துக்கு ஆகாது” என்றார். கையை இறக்கினேன். அவர் போனதும் மறுபடி வைத்துக்கொண்டேன்.

நரம்பு வலி மாத்திரையில் பகலெல்லாம் தூக்கம். காலர் சில நாள்தான்; அதற்கு மேல் போட்டால் கழுத்துத் தசை சோம்பிவிடுமாம். தாடையை உள்ளே இழுத்து நிறுத்தும் பயிற்சி பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் எனக்குக் கைகொடுத்தது அதுதான். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே 6 முதல் 12 வாரத்தில் வலி குறைந்துவிடுகிறது. பிதுங்கியதை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு. எனக்குப் பத்தாவது வாரம் கைக்குத் தெம்பு திரும்பியது. ஆனால் சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ தண்டுவடமே அழுந்துகிறது என்று அர்த்தம். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அந்தக் ‘கடக்’ எலும்பு நேராகும் சத்தம் இல்லை. மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். திருப்பும் வேகத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. 2017-இல் டெல்லியில் 54 வயதுக்காரர் ஒருவருக்கு, சலூனில் கழுத்தைத் திருப்பிய பிறகு மூச்சுத் திணறியது. மூச்சை இழுக்கும் உதரவிதானத்தின் நரம்பு செயலிழந்திருந்தது. அதுவும் கழுத்திலிருந்துதான் கிளம்புகிறது.

தலைக்கு எண்ணெய் தேய்த்து விடுங்கள், தோளைப் பிடித்து விடுங்கள், அந்தச் சுகத்தை எந்தப் பார்லரும் தராது. கழுத்தைத் திருப்புவதை மட்டும் விடுங்கள். நாங்களே கேட்டாலும் மறுத்துவிடுங்கள். தலை அலசும்போது பேசின் விளிம்பில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள், கழுத்து அதிகம் பின்னால் தொங்காது.

போன வாரம் வழக்கமான கடையில் கை தாடைக்கு வந்தது. பிடித்து நிறுத்திக் கதையைச் சொன்னேன். அவர் கத்தரியைக் கீழே வைத்தார். “எனக்கே ஒரு வருஷமா இந்தக் கை மரத்துப்போகுது சார்.”

எந்த விரல் என்று கேட்டேன். கட்டைவிரலை நீட்டினார். நாள் முழுக்க நின்று, குனிந்தே பார்க்கும் கழுத்து. டாக்டர் நம்பர் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு கூட்டம் முடியட்டும் என்கிறார்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்