சிங்கராஜாவுக்குக் குடிபோகும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் தென்மேற்கே சிங்கராஜ மழைக்காட்டோரம் தங்கிப் படமெடுக்கப் போகிறாயாம், சித்தி போனில் சொன்னா. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. உனக்குக் கமரா பழக்கியவை நம்ம திருகோணமலைக் கோட்டை வாசல் மான்கள். நல்ல வெயிலில், நீ குனிந்து கோணம் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நிற்கும். அங்கே எதுவும் உனக்காக நிற்காது.

இங்கே கச்சான் காற்று முகத்தைச் சுடுகிற மாதங்களில்தான் அங்கே மழை கொட்டும். இரண்டும் ஒரே காற்றுதான், ஈரத்தையெல்லாம் அந்த மலைப்பக்கமே இறக்கிவிட்டு நம்மிடம் வறண்டு வருகிறது. அந்த ஈரம் உன் லென்ஸுக்குள்ளும் போகும். நான் இரண்டு மாதம் லென்ஸைப் பையிலேயே விட்டுவிட்டு ஒருநாள் டோர்ச் அடித்துப் பார்த்தேன், உள்கண்ணாடி ஓரத்தில் சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல்கள், பூஞ்சணம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை, ஜெல் நிறம் மாறினால் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து எடு. அட்டைக்குப் பயப்படாதே, பழகிவிடும்.

அப்புறம் வெளிச்சம். மத்தியானத்திலும் மரங்களுக்குக் கீழே அந்திதான். அதனால் கண்ணைவிடக் காதை நம்பு. செம்மஞ்சள் அலகுள்ள சிலம்பன்கள் கீச்சிட்டுக்கொண்டு முன்னே வரும், கூடவே கொண்டைக் கரிச்சான் கத்தும், அந்தச் சத்தம் நெருங்கினால் பத்துக்கு மேற்பட்ட இனப் பறவைகள் ஒரே கூட்டமாக உன் தலைக்கு மேலே கடக்கப் போகின்றன என்று அர்த்தம். ஓடாதே, நின்ற இடத்திலேயே நில்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். அங்கே ஒரு சின்னச் செம்பழுப்பு ஆந்தை இருக்கிறது. பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட அதன் குரலை 1995இல் கேட்டார், கண்ணால் காண 2001 ஆகிவிட்டது. எழுபதுகளில் ஒட்டுப்பலகைக்காக அந்தக் காட்டை வெட்டியதை எதிர்த்துப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஒரு இரவு எனக்கு வழிகாட்டியவர் போனில் அதன் குரலைப் போட்டார், நானும் தடுக்கவில்லை. ஆந்தை தாழ்ந்த கிளைக்கு வந்து, தன் இடத்துக்குள் புகுந்த இன்னொரு ஆந்தையைத் தேடித் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தது, பதிவு நின்ற பிறகும் வெகுநேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. படம் நன்றாகத்தான் வந்தது. நான் அதை யாருக்கும் காட்டவில்லை. நீ குரல் போட்டு எதையும் கூப்பிடாதே, வருடம் முழுக்க அந்த ஆந்தை கிடைக்காவிட்டாலும் சரி.

முதல் கிழமை கமராவை வெளியே எடுக்காமல், கேட்ட குரல்களை நேரத்தோடு கொப்பியில் எழுதி எனக்கு அனுப்பு. அட்டைக் காலுறை இரண்டு சோடி சித்தியிடம் கொடுத்திருக்கிறேன், மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

அண்ணா