கலாவுக்கு, கோடத் போய் வந்த கதை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நடுவில் பூனா போய் வந்தேன், அதுதான் தாமதம். பெரியவளைப் பார்க்கப் போன இடத்தில் பிப்ரவரி 28 அறிவியல் தினமும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு நாராயண்காவ் பக்கத்தில் கோடத் கிராமத்தில் இருக்கிற ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்க எல்லோரையும் விடுவார்கள். இதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தவள் நான், விடுவேனா.

நீ கேட்டிருந்தாயே, வீட்டுச் சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் என்றே தெரியாதபோது எங்கேயோ இருக்கிற கேலக்ஸியில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள் என்று. அதற்கான பதில் அங்கேதான் நிற்கிறது. 45 மீட்டர் அகலத்தில் முப்பது டிஷ்கள். பதினான்கு ஒரே இடத்தில் கூட்டமாக, மீதிப் பதினாறு மூன்று பக்கமும் கை நீட்டிய மாதிரி பல கிலோமீட்டர் தள்ளித் தள்ளி. டிஷ் என்றால் பளபளவென்று தகடு இருக்கும் என்று நினைத்துப் போனேன். கிட்டே போனால் எல்லாம் மெல்லிய கம்பி வலை! அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வலைக்குள்ளேயே மேகம் நகர்வது தெரிகிறது. காற்று ஊடே புகுந்து போய்விடும், அதனால் கனமும் குறைவு, செலவும் குறைவு. ரேடியோ அலைக்கு அந்த ஓட்டைகள் ஓட்டைகளே இல்லை. அலையின் நீளம் அவற்றைவிட அவ்வளவு பெரியது.

சரி, வாயுவுக்கு வருகிறேன். கேலக்ஸியில் விண்மீன்கள் உருவாகக் கச்சாப் பொருள் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அணுவில் இருக்கிற எலக்ட்ரானின் சுழற்சித் திசை எப்போதாவது தானாகப் புரளும், அப்போது 21 சென்டிமீட்டர் அலை ஒன்று வெளிவரும். ஓர் அணுவை எடுத்துக்கொண்டால் இது நடக்கச் சராசரியாக ஒரு கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் அணுக்கள் எண்ணிக்கையில் அடங்காதவை என்பதால் அலை வந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஓர் அலை இருக்கும் என்று 1944-இல் ஹாலந்துக்காரர் வான் டி ஹல்ஸ்ட் சொன்னார், 1951-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் பிடித்துக் காட்டினார்கள். அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதையும் கேலக்ஸி எவ்வளவு தூரம் என்பதையும் வைத்து அணுக்களை எண்ணிவிடலாம். அதுதான் எடை.

சிக்கல் தூரத்தில்தான். 800 கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய அலை நம்மிடம் வருவதற்குள் பிரபஞ்சம் விரிந்து அதையும் இழுத்து நீட்டி 42 சென்டிமீட்டர் பக்கம் கொண்டுவந்துவிடுகிறது. அதுவும் இரைச்சலில் முழுக்க முங்கிப்போன அலை. ஒரு கேலக்ஸியைத் தனியாகக் கேட்கவே முடியாது. அதற்குக் கோடத் தொலைநோக்கியை வைத்து ஆராய்ச்சியாளர்கள் செய்ததைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹவாயில் இருக்கிற கெக் தொலைநோக்கி ஏற்கெனவே தூரம் அளந்து வைத்திருந்த 7,653 கேலக்ஸிகளைச் சுமார் 100 மணி நேரம் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் அலையும் அதனதன் தூரத்துக்கு ஏற்ப வேறு வேறு சுருதியில் வரும். எல்லாவற்றையும் ஒரே சுருதிக்கு இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நாம் ஹாஸ்டலிலிருந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போவோமே, ஒருத்தர் முனகும் 'கோவிந்தா' பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் வைகையே அதிரும். அதேதான். அடுக்க அடுக்க இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்க, அலை மட்டும் எழுந்து நின்றது.

அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆதித்யா சௌத்ரியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் இந்த முடிவை 2020 அக்டோபரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். ஒரு கேலக்ஸிக்குச் சராசரியாகச் சுமார் 1,200 கோடி சூரியன்களின் நிறையளவு ஹைட்ரஜன் அணுக்கள். கேட்க அதிகம்தான், ஆனால் அந்தக் காலக் கேலக்ஸிகள் விண்மீன்களைப் படைத்த வேகத்துக்கு அது 100, 200 கோடி வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். கேலக்ஸிகளின் வயதோடு பார்த்தால் பானையில் மாதக் கடைசி அரிசிதான். வெளியிலிருந்து புது வாயு போதிய அளவு வந்து சேரவில்லை, அதனால்தான் விண்மீன் பிறப்பு பிற்பாடு இவ்வளவு குறைந்துபோனது என்று அவர்கள் கருதுகிறார்கள். கலா, காரணம் தெரியாமல் பல வருஷம் கிடந்த ஒரு கேள்வி இது. பதிலின் ஒரு துண்டு வெங்காய வயலும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது என்பதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அந்தத் தொலைநோக்கியைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப் அந்தக் கட்டுரை வருவதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 7 அன்று காலமானார். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இதற்கு முன்னால் அவர் நம் ஊட்டியிலும் ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டினார், தெரியுமா? முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 1970-லிருந்து வேலை செய்கிறது. 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்துக் கட்டினார், ஊட்டியின் அட்சரேகையும் அதேதான் என்பதால் நீளவாக்கில் அது பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் நகரும் பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். மே மாதம் லீவு போட்டுவிட்டு வா, மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில் போகலாம். அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, அதையும் எழுது. டிக்கெட் இப்போதே போடட்டுமா?

உன்,
வசந்தி