விஷ வார்டில் நல்ல நோயாளி, கெட்ட நோயாளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். நெஞ்சு வலி என்று அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அதே நேரம் மருந்து குடித்த ஓர் இளைஞனைத் தூக்கி வந்திருக்கிறார்கள். டாக்டரும் நர்ஸும் அவன் பக்கம் ஓடிவிட்டார்கள் என்று இவருக்குக் கோபம். “வாழ நினைப்பவர்கள் காத்துக் கிடக்க, சாகப் போனவர்களுக்கு முதல் மரியாதையா?” என்று கடிதத்தை முடித்திருந்தார். அவருடைய பதற்றம் எனக்குப் புரிகிறது. அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார் என்று எழுதியிருந்ததைப் படித்து நிம்மதியானேன். ஆனாலும் அவர் கேட்ட கேள்வியை அப்படியே கடந்துபோக முடியவில்லை. வெளியில் இருக்கும் அவர் மட்டும் அதைக் கேட்கவில்லை. வார்டுக்குள்ளே எங்களில் பலரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனைச் செவிலியர். இருபது ஆண்டுகளுக்கு மேலான பணியில் பெரும்பகுதி மெடிக்கல் வார்டிலும் விஷ வார்டிலும்தான் கழிந்திருக்கிறது. அரசு ஊழியர் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு வரிசை இருக்கிறது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்படி வருகிறவர்களை அவசரத்தின் அளவைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறோம். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, தீக்காயம், குழந்தைகளின் அவசர நிலை ஆகியவற்றோடு விஷமும் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். மூச்சு, நாடி, நினைவு இவற்றைப் பார்த்துத்தான் நிறம். எப்படி வந்தது, யார் தவறு என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அன்றைக்கு அந்த இளைஞனுக்கு மூச்சு அடைத்திருக்கும், அதனால் ஓடியிருப்பார்கள். சரி, அது முதல் சில நிமிடங்களுக்கான பதில். அதற்குப் பிறகு வரும் நாட்கள் இருக்கின்றனவே, நான் எழுத வந்தது அவற்றைப் பற்றித்தான்.

பயிற்சி மாணவியாக முதன்முதலில் விஷ வார்டில் நின்றபோது ஒரு மூத்த சிஸ்டர் எங்களுக்குச் சொன்னது: “நல்லா சத்தம் போடு. அப்பத்தான் அடுத்த தடவை பயம் வரும்.” மூக்கு வழியாக வயிற்றுக்குள் ரைல்ஸ் டியூப் என்ற குழாயைப் போடும்போது நோயாளி முனகினால், “குடிக்கும்போது தெரியலையா?” என்பார். அவரை நான் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அதே சிஸ்டர்தான் யாருமற்ற ஒரு பாட்டிக்குத் தன் காசில் பால் வாங்கி வந்து, ஆறவைத்துக் குடிக்கக் கொடுப்பார். உயிர் கடவுள் தந்தது, அதைத் தூக்கி எறிவது பாவம் என்று மனமார நம்பியவர் அவர். பாட்டியிடம் கனிவாக இருக்க வைத்த அதே நம்பிக்கைதான் விஷம் குடித்தவனிடம் அவரைக் கடுமையாக்கியது. திட்டுவதையும் அவர் சேவையாகவே செய்தார்.

செவிலியரின் நம்பிக்கை வீட்டு வாசலில் செருப்போடு நின்றுவிடும் என்று யாராவது நினைத்தால் அது உண்மையல்ல. கையில் ஊசி பிடிக்கும்போதும், கேஸ் ஷீட் எழுதும்போதும், எந்தப் படுக்கைக்கு இன்னொரு தரம் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுக்கும்போதும் அது கூடவே இருக்கிறது.

இதனால் உயிருக்கே ஆபத்து வரும் இடமும் உண்டு. பல பூச்சிமருந்து விஷங்களுக்கு முறிவாக அட்ரோபின் என்ற மருந்து கொடுக்கிறோம். அந்த முறிவு மருந்து அதிகமாகிவிட்டால் நோயாளி பிதற்றுவார், போர்வையைப் பிய்ப்பார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். அவரை நல்ல பிள்ளை என்று நினைத்திருக்கும் செவிலியர், “டாக்டர், பேச்சு மாறுது, கொஞ்சம் வந்து பாருங்க” என்பார். திமிர் பிடித்தவன் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டவருக்கு அது நடிப்பாகத் தெரியும், கையைக் கட்டச் சொல்லுவார். இன்னொன்று, இந்த விஷத்தில் முதல் நாள் தேறிவிட்டது போல இருந்துவிட்டு, 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் தசைகள் தளர்ந்து மூச்சு நின்றுபோகும் நிலை வரலாம். பெரும்பாலும் கழுத்தில்தான் முதலில் தெரியும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க” என்று சொல்லிப் பார்ப்போம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த மனிதரோடு நின்று பேச மனம் இருந்தால்தான் அந்த அரை நிமிடம் கிடைக்கும். குரல் கம்முவதும் தலை தூக்க முடியாமல் போவதும் முகம் பார்த்துப் பேசுகிற செவிலியருக்குத்தான் முதலில் பிடிபடும்.

வார்டில் எல்லாருக்கும் ஒரே அளவு கோபமோ ஒரே அளவு இரக்கமோ கிடைப்பதில்லை. தேர்வில் தோற்ற மாணவன் என்றால் “பாவம், பிள்ளை” என்று எல்லாரும் உருகுவோம். கடன்காரன் வாசலில் வந்து கத்தினான் என்றால் அதற்கும் இரக்கம் உண்டு. காதல் விவகாரம், அதுவும் சாதி மாறிய காதல் என்றால் பேச்சே வேறு. “பெத்தவங்க மானத்தை வாங்கிட்டு இங்க வந்து படுத்திருக்கா” என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படியே சொல்லுவார்கள். மாமியார் சண்டை என்றால் ‘இதுக்கெல்லாமா?’ என்பார்கள். திருநங்கை வந்தால் ஆண் வார்டா பெண் வார்டா என்ற விவாதத்திலேயே நேரம் போகும். குடிகாரனுக்கு யாரும் இரங்குவதில்லை.

குடிகாரர்கள் விஷயத்தில் என் மனமும் இறுகும். என் அப்பா குடித்தே போனவர். அந்த வாடையோடு ஒருவரைத் தூக்கி வரும்போது எனக்குள் என்ன எழும்புகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதல் காரியமாகப் பெயரைக் கேட்டுக்கொண்டு, பெயரோடு அண்ணே என்றோ தம்பி என்றோ சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்துவிடுவேன். முறை சொல்லிக் கூப்பிட்ட வாயால் அலட்சியமாகப் பேச வராது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் கூட இருக்கும் சிஸ்டரிடம், “இந்த பெட்டை நீ அடிக்கடி பாரு, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்” என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. சொல்லாமல் உள்ளே வைத்திருப்பதுதான் நோயாளிக்கு ஆபத்து.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சுவரை ஒட்டிப் புதைத்தார்கள். கோயில் மணி அடிக்கவில்லை. தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சடங்கு இல்லை என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். என் பாட்டி மட்டும் அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டப் போனார். யாரோ தடுத்ததற்கு, “தீர்ப்பு சொல்ல ஆண்டவர் இருக்காரு. அவரு வேலைய நான் எதுக்குப் பாக்கணும்? குளிப்பாட்டறது என் வேலை” என்றாராம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1983-இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து தற்கொலை செய்துகொண்டவர்களை எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த, திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி ஏடும், கடும் மனத்துயரும் அச்சமும் அப்படிப்பட்டவரின் பொறுப்பைக் குறைக்கும், அவருடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று சொல்கிறது. இதையெல்லாம் எங்கள் பங்குச் சாமியார் எனக்கு விளக்கியது வேலைக்கு வந்து வெகுகாலம் கழித்து. அதற்கு முன்பே பாட்டியின் பேச்சு எனக்குப் போதுமானதாக இருந்தது.

என்னோடு நீண்ட நாள் இரவுப் பணி பார்த்த இஸ்லாமியத் தோழி ஒருத்தி இருக்கிறாள். தற்கொலை ஹராம் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஆனால் எங்கள் வார்டில் அவளைப் போல மென்மையாக டியூப் போடுகிறவர் யாரும் இல்லை. ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்குச் சமம் என்பதும் அவள் மார்க்கம் சொன்னதுதான். கட்டிலருகே நிற்கும்போது அவள் இதைத்தான் கையில் எடுத்துக்கொள்கிறாள். ஆகவே, நம்பிக்கையைத் துறந்துவிட்டு வேலைக்கு வா என்று செவிலியரிடம் சொல்வது வீண் பேச்சு. அவரவர் நம்பிக்கைக்குள்ளேயே நோயாளியின் பக்கம் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடி எடுக்க யாராவது உதவ வேண்டும்.

அந்த உதவிதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் படித்த காலத்தில் மனநலப் பாடம் இருந்தது, மனநல மருத்துவமனையில் பயிற்சியும் இருந்தது. ஆனால் விஷ வார்டில் படுத்திருப்பவரும் மனநோவு கொண்டவர்தான் என்று யாரும் இணைத்துச் சொல்லவில்லை. ‘சேவை மனப்பான்மை வேண்டும்’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். உனக்கு எந்த நோயாளியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஏன் வருகிறது என்று ஒரு தடவையாவது எந்த அதிகாரியாவது கேட்டிருக்கிறாரா? வாரத்தில் ஒரு நாள், தலைமைச் செவிலியர் முன்னிலையில் இதைப் பேச அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஷிஃப்ட் மாறும்போது “பதினாலாம் நம்பர் லவ் ஃபெயிலியர்” என்று ஒப்படைக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லலாம். கழுத்து பலம் எப்படி இருக்கிறது, மனநல மருத்துவர் பார்த்தாரா, யாரைப் பார்த்தால் அந்தப் பெண் மிரள்கிறாள், இவைதான் அடுத்து வரும் சிஸ்டருக்குத் தெரிய வேண்டியவை. கடைசியாகச் சொன்னது முக்கியம். கூட்டி வந்தவரே காரணமாக இருக்கும் வீடுகள் உண்டு. அவர் பக்கத்தில் நிற்கும்போது “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? ஒரு திரைச்சீலையும் ஐந்து நிமிடத் தனிமையும் வேண்டும்.

திட்டினால் பயந்து திருந்துவார்கள் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் ஏதும் இல்லை. முன்பு ஒரு தடவை முயன்றிருப்பது தற்கொலைக்கான முக்கியமான அபாயக் காரணி என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அவமானப்பட்டு வீட்டுக்குப் போனவர் மனநலப் பிரிவுக்குத் திரும்பி வர மாட்டார். இதில் நம் மாநிலம் அலட்சியமாக இருக்கக்கூடிய நிலையிலும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாடு, 19,834 பேர். “சாகப் போனவர்கள்” என்று அந்த அன்பர் எழுதினாரே, அப்படி உறுதியாக முடிவெடுத்து வந்தவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். கண் விழித்ததும் பெரும்பாலோர் கேட்பது, “எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்?” என்றுதான். இலங்கையில் 1995-லிருந்து கொடிய பூச்சிமருந்துகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, பத்தே ஆண்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த ஒரு பொழுதைத் தாண்டிவிட்டால் வாழ விரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

சட்டமும் மாறிவிட்டது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115 சொல்வது இதுதான்: தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2018 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆனாலும் இன்றைக்கும் “போலீஸ் கேஸ் ஆயிருமா?” என்று பயந்து, என்ன குடித்தார் என்பதை மறைக்கிற குடும்பங்களைப் பார்க்கிறேன். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவும் காவல்துறைக்குத் தகவலும் உண்டுதான். அது சிறைக்கு அனுப்ப அல்ல. தயவுசெய்து எங்களிடம் உண்மையைச் சொல்லுங்கள், சிகிச்சை அதை நம்பித்தான் இருக்கிறது.

கடைசியாக, ஆசிரியர் அவர்களிடமே ஒரு வேண்டுகோள். எங்கள் டூட்டி ரூம் மேசையில் தினமும் உங்கள் நாளிதழ் கிடக்கிறது. ‘காதல் தோல்வியால்’, ‘கணவர் கண்டித்ததால்’ என்று ஒற்றைக் காரணத்தோடு தலைப்புப் போட்டு, என்ன குடித்தார் என்பதையும் சேர்த்து எழுதும் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் வார்டுக்குள் போகிறோம். தற்கொலைச் செய்திகளை எப்படி வெளியிட வேண்டும் என்று 2019-இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் விதிமுறைகளே வகுத்திருக்கிறது. முறையை விவரிக்காதீர்கள். காரணத்தை ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். ஒவ்வொரு செய்தியின் கீழும் 104, 14416 ஆகிய இரண்டு உதவி எண்களையும் படிக்கிற அளவு பெரிய எழுத்தில் போடுங்கள். இந்தக் கடிதத்துக்குக் கீழேயும் போட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்,
தென் மாவட்டம்.