வரத்துக்காலில் வரும் உரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"ஓடையில் உரத் தண்ணி கலந்தா மீனுக்குத் தீனிதானே, அதுல என்ன கெடுதல்?" என்று எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் கேட்டார். போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தேவகோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் புழுதி விதைப்பாக நெல் போடுகிறவன் நான். வயலை ஒட்டி ஓர் ஓடை. ஐப்பசி மழைக்கு ஓட ஆரம்பித்து, தை வரை குட்டை குட்டையாக நிற்கும். எங்கள் ஊருணிக்கும் கண்மாய்க்கும் அதுதான் வரத்துக்கால். சிறு வயதில் நானும் அண்ணனும் அதில் துண்டை விரித்து அயிரை பிடிப்போம். கரையிலிருக்கும் புங்கமரத்து இலைகள் தண்ணீருக்குள் கிடக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பினால் அடியில் பொடிப்பொடியாகப் புழுக்கள் ஒட்டியிருக்கும். அந்த இலைதான் ஓடைக்கு முதல் சோறு. பூஞ்சை ஏறி இலை மெத்தென்று ஆனதும் புழு பூச்சிகள் தின்னும்; அவற்றைத் தட்டான் குஞ்சும் தவளையும் மீனும் தின்னும்; மீனைக் கொக்கு கொத்தும்.

போன மார்கழியில் அதே இடத்தில் ஓர் இலையை எடுத்தேன். நரம்பு மட்டும்தான் கையில் வந்தது; மற்றது சளி போல வழிந்தது. தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி இருந்தது. கல்லெல்லாம் நத்தை, அள்ளினால் ஒரு கூடை தேறும். தட்டான் குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விடிகாலையில் போனால் கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. உரத்தில் பெருகிய அந்தப் பச்சைப் பாசி இரவெல்லாம் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடுவதால் விடிகிற நேரத்தில்தான் மீனுக்கு மூச்சு முட்டும்.

அமெரிக்காவில் வடக்கு கரோலினா மலைக்காட்டில் கவீட்டா என்றொரு ஆய்வு நிலம் இருக்கிறது. அங்கே ஓர் ஓடையில் ஐந்து ஆண்டுகள் விடாமல் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்த்துப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். இலையைத் தின்னும் பூச்சிகள் பெருகின. அவற்றை வேட்டையாடும் உயிர்கள் பெருகவில்லை. காரணம், பெருகியதெல்லாம் வேட்டைக்கு எளிதில் சிக்காத, உடம்பு பெருத்த புழுக்கள். போட்ட சத்து அதோடு நின்றுவிட்டது, மேலே ஏறவில்லை. எங்கள் ஓடையில் நத்தை குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. அதே கவீட்டாவில் நடந்து 2015-ல் வெளியான இன்னோர் ஆய்வில், சத்து சேர்ந்த ஓடைகளில் இலைதழை தங்கும் காலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தை வரை வரவேண்டிய சோறு கார்த்திகையிலேயே தீர்ந்துபோனால், அப்புறம் குட்டையில் கிடக்கிற மீனும் தவளையும் எதைத் தின்னும்?

ஆரம்பத்தில் லாபம் போலத் தெரிவதும் உண்டு. அலாஸ்காவில் குபாருக் ஆற்றில் 1983 முதல் கோடைதோறும் மணிச்சத்து விட்டார்கள். முதல் சில ஆண்டுகள் மீன்கூட நன்றாகத்தான் வளர்ந்தது. பிறகு மெத்தை போல வேறொரு பாசி கற்களை மூடி, அங்கே வாழ்ந்த பூச்சிக் கூட்டமே மாறிப்போனது.

ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதம் தழைச்சத்து. அதாவது 20 கிலோவுக்கு மேல். 'மழை வருது, தன்னால கரைஞ்சு இறங்கிடும்' என்று மழைக்கு முதல் நாள் வீசியவர்களில் நானும் ஒருவன். இறங்கியது வயலுக்குள் மட்டுமில்லை, ஓடைக்கும்தான். போதாததற்குத் தெருக்களின் சோப்புத் தண்ணீரும் கழிவும் அதே வரத்துக்காலில் விழுகின்றன. குடிநீர் ஊருணியில் கால் கழுவக்கூட விடாமல் சுற்றுச்சுவர் கட்டிக் காத்தவர்கள் நம் செட்டிநாட்டுப் பெரியவர்கள். நாமோ சுவரை வைத்துக்கொண்டு, தண்ணீர் வருகிற வழியைச் சாக்கடைக்குத் திறந்துவிட்டோம். இது எனக்குப் பெரிய வேதனை.

விவசாயிகள் யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். வானம் மூட்டமாக இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். ஓடைக் கரையில் நாலு முழமாவது உழாமல் விட்டால் கோரையும் அருகும் உரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் இந்த வருடம் விட்டிருக்கிறேன். தெருச் சாக்கடையை வரத்துக்காலிலிருந்து பிரிக்கும் வேலை ஊராட்சியால்தான் முடியும். அக்டோபர் 2 கிராம சபையில், ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால், அதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் பகுதி ஊராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேவகோட்டை வட்டத்து விவசாயி ஒருவர்